லைன் கிடைக்கல

குழாய் சரியாகி ஒரு வாரம் ஆகியும், விடிந்தால் குடிநீர் அலுவலகத்துக்குப் போன் போடுவதை மாமனார் விடவில்லை.

"இன்னும் என்ன மாமா புகார்?" என்றாள் புது மருமகள்.

"லைன் கிடைக்கலம்மா. காத்திருக்கச் சொல்றாங்க."

ஆனால் மறுமுனையில் யாரோ "வணக்கம், சொல்லுங்க" என்றதுமே, கை சுட்டவர் போல இணைப்பைத் துண்டித்தார். உடனே மறுபடியும் அதே எண்ணை அழுத்தினார்.

அவள் முடிவு செய்துவிட்டாள்: இன்றைக்கே கணவனிடம் சொல்லி இவரை டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

வாசல் மணி அடித்தது. அவர் போனை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போக, அவள் அதை எடுத்துக் காதில் வைத்தாள். காத்திருப்பவர்களுக்காக ஏதோ பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"அத்தை, இதக் கேளுங்க. எவனோ மூக்கடைச்ச மாதிரி பாடறான். இதையா மாமா தினமும் கேக்கறார்?"

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மாமியார் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மெதுவா பேசு. அந்தப் பாட்டை ரேடியோக்காரங்களே மறந்துட்டாங்க. இப்ப அந்த ஆபீஸ்ல மட்டும்தான் போடறாங்க."

"அதுக்காக இந்தக் குரலையா?"

"என்ன பண்றது? ரெக்கார்டிங் அன்னிக்கு உன் மாமாவுக்கு நெஜமாவே ஜலதோஷம்."