ஒரே முகில்

பனிமலைகளைச் சுற்றிக் காட்டும் அந்தச் சின்ன விமானத்துக்கு அன்று அதுதான் கடைசிப் பயணம். ஒரே ஒரு இடம்தான் மிச்சம். வருடக்கணக்காக ஆசைப்பட்டு, கணவனையும் இழுத்துக்கொண்டு வந்தவள் தவமலர். ஆனாலும், "நீங்கள் போட்டு வாங்கோ, நான் இதில நிக்கிறன்" என்றாள். "இல்லை, நீ போ" என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லாமல் பஞ்சலிங்கம் ஏறிவிட்டார்.

வெயிலில் தகதகத்த சிகரங்களைக் கண்டு மேலே அவர் வாய்விட்டுச் சிரித்தார். விமானம் திரும்பியபோது, புல்வெளி ஓரத்தில் அண்ணாந்து கையாட்டிக்கொண்டிருந்தவள் தெரிந்தாள். சிரிப்பு அடங்கிப்போனது.

இறங்கியதும் ஓடி வந்தாள். "எப்பிடியப்பா இருந்தது?"

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஒண்டும் தெரியேல்லை. ஒரே முகில்."

தவமலர் மறுபடி அண்ணாந்து பார்த்தாள். துடைத்துவிட்டதுபோல் நீலமாகக் கிடந்தது வானம்.

"பாவம் நீங்கள்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.