மாமியின் பெருவிரல்

"இதென்ன வீடோ, மாட்டுக்கொட்டிலோ?"

வேலிப் படலையைத் திறக்கும்போதே குணலட்சுமி மாமி தொடங்கிவிட்டார்.

மருமகள் பிரசாந்தி வாயைத் திறக்கவில்லை. குந்தியிருந்து நிலத்துக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் கை நின்றுவிடும். கை நின்றால் எண்ணெய் திட்டுத்திட்டாகக் காய்ந்துவிடும்.

கொடிகாமத்தில் அவளும் கணவன் கஜீபனும் தங்கள் கையாலேயே கட்டுகிற மண்வீடு அது. சுவர் எழும்பி, ஓடும் போட்டாயிற்று. மிச்சம் நிலமும் குளியலறையும்தான். களிமண், மணல், வெட்டின வைக்கோல், சாணி எல்லாம் குழைத்து நிலம் போட்டு, ஆளிவிதை எண்ணெய் பூசிப் பூசி மினுக்க வேண்டும். குளியலறைச் சுவருக்குச் சுண்ணாம்பு. அதைச் சவுக்காரத் தண்ணி தொட்டு, மருந்து அரைக்கிற குழவிக்கல்லால் தேய்தேய் என்று தேய்த்தால் தண்ணீர் ஊறாதாம்.

"உன்ரை கைரேகை தேய்ஞ்சு போச்சு. இனி உனக்கு அடையாள அட்டை எடுக்கேலாது" என்று கஜீபன் பகிடி பண்ணுவான்.

காணி மாமியுடையது. அதனால் மாமி ஆரம்பத்திலேயே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

"புதுவீட்டுக் குடிபூரலுக்கு முதல் வந்து பாப்பன். நிலத்திலை ஒரு பழுது கண்டாலும் சீமெந்தைக் கொட்டி மாபிள் கல்லுப் பதிக்கிறதுதான்."

சொன்னதோடு விடவில்லை. மாபிள் பெட்டிகளை வாங்கித் தன் வீட்டு விறாந்தையில் அடுக்கியும் வைத்துவிட்டார்.

இப்போது மாமி குளியலறைக்குள் தலையை நீட்டினார்.

"உள்ளுக்கை மழை பெய்யவிட்டு அதுக்கை நிண்டோ குளிக்கப் போறியள்? கிணத்தடிக்கு என்ன வந்தது?"

"ஷவர், மாமி..."

"ஷவரோ கிவரோ, மண்சுவர் கரைஞ்சு விழட்டும். றோட்டாலை போறவையெல்லாம் நிண்டு பாப்பினம்."

திட்டுவதற்கென்றாலும் மாமி ஒருநாளும் வரத் தவறுவதில்லை. நிலம் மினுங்க மினுங்க மாமியின் வாயும் நீண்டுகொண்டே போனது.

பக்கத்து வீட்டு உதயகலா ஒருநாள் எட்டிப்பார்த்து மலைத்துப் போனாள்.

"ஐயோ பிரசாந்தி! கண்ணாடி மாதிரியெல்லோ கிடக்கு! எங்கடை மாபிளிலையும் உந்த மினுக்கம் இல்லை!"

பிரசாந்திக்கு உச்சி குளிர்ந்தது. அது குளிர்ந்து முடிவதற்குள் மாமி குறுக்கே பாய்ந்தார்.

"என்ன கண்ணாடி? சாணி மணம் மூக்கைத் துளைக்குது. மாரி மழை தொடங்கட்டும், எல்லாத்தையும் வழிச்சு அள்ளலாம்."

உதயகலா மெல்ல நழுவினாள். பிரசாந்திக்கு அழுகை முட்டியது. ஆராவது நல்லதாக ஒரு சொல் சொன்னால்கூட இந்த மனுசிக்குப் பொறுக்காதா?

அதற்கும் மேலே ஒன்று, குடிபூரல் நெருங்கிய கிழமையில் நடந்தது.

வாசலடியில் அவள் முதல்நாள்தான் மண் பூசி முடித்த கடைசித் துண்டு இன்னும் ஈரமாக இருந்தது. காலையில் வந்து பார்த்தால் அதன் மூலையில் ஒரு பெருவிரல் அடையாளம். தட்டுத்தவறிப் பட்டதில்லை, ஆற அமர அழுத்திப் பதித்தது. குறுக்கே ஒரு கோடு வேறு. தேங்காய் துருவும்போது திருவலையில் வெட்டுப்பட்ட தழும்பு. அந்தத் தழும்பு யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

"என்னப்பா, உங்கடை அம்மான்ரை வேலையை வந்து பாருங்கோ!"

கஜீபன் குனிந்து பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"அம்மான்ரை விரல்தான்" என்றான். பிறகு, தாய்க்கும் தாரத்துக்கும் நடுவில் அகப்பட்ட எந்த ஆம்பிளையும் செய்வதைச் செய்தான். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆணி வாங்கப் போய்விட்டான்.

மாமி உள்ளேதான் இருந்தார். "சுவர் கரையுதோ எண்டு பாக்கிறன்" என்று சொல்லித் துவாயோடு குளியலறைக்குள் புகுந்தவர். புகுந்து கனநேரம். ஒருவழியாக ஈரத்தலையோடு வெளியே வந்தார்.

"மாமி, வாசலடியிலை விரல் பதிச்சது நீங்களோ?"

"ஓம், நான்தான்."

ஒளிப்பு மறைப்பே இல்லை. பிரசாந்திக்குக் கோபம் கட்டுக்கடங்காமல் வந்தது.

"மாபிள் பதிக்கச் சாட்டு வேணுமெண்டால் என்னட்டை நேரை சொல்லியிருக்கலாமே! நான் பிள்ளை மாதிரிப் பாத்துப் பாத்துச் செய்த நிலம். அதை ஏன் மாமி பழுதாக்கினனீங்கள்?"

மாமி வேலிப் பக்கம் பார்த்தார். அங்கே ஒருவரும் இல்லை என்று கண்டபிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை மாதிரி எண்டு நீயே சொல்லுறாய். கஜீபன் குழந்தையா இருக்கேக்கை, கன்னத்திலை ஒரு கறுத்தப் பொட்டு வைக்காமல் அவனை நான் படலைக்கு வெளியிலை கொண்டுபோனதில்லை. குடிபூரலுக்கு ஊரே வரும். உவள் உதயகலா ஒருத்தின்ரை வாயை அடைக்கவே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு மறுகூட இல்லாத நிலம், கண்ணூறு நாவூறு பட்டு வெடிச்சால் ஆரடி பொறுப்பு?"

பிரசாந்தி வாசலடி மூலையைத் திரும்பிப் பார்த்தாள். மாட்டுக்கொட்டில், சாணி மணம், வழிச்சு அள்ளலாம்... மாமியின் ஏச்செல்லாம் திரும்ப ஒருமுறை காதுக்குள் ஓடியது. கோபம் போன இடம் தெரியவில்லை. அழுகை மட்டும் போகாமல் நின்றது.

"அப்ப... குளிக்கிற அறை எப்பிடி, மாமி?"

வேலிக்கு மேலால் உதயகலாவின் தலை தெரிந்தது.

"சீச்சீ! மகா கேவலம்!" என்றார் மாமி, ஊருக்கே கேட்கும்படி.

பிறகு தலையைத் துவட்டுகிற சாட்டில் மருமகளின் காதோரம் குனிந்தார்.

"மாபிளைக் கடைக்குத் திருப்பிக் குடுத்திட்டன். என்ரை வீட்டுக்கும் உப்பிடி ஒரு கேவலத்தை எப்ப வந்து செய்து தாறாய், பிள்ளை?"