வண்டி ஓடாதுன்னு சொல்லுங்க

காரின் பின்னாலிருந்து வெள்ளைப் புகை கொட்டிக்கொண்டிருந்தது. பட்டறை வாசலில் வந்து நின்ற பிறகும் அது குறையவில்லை.

ஓட்டிவந்தவன் என்ஜினை அணைக்காமலே இறங்கி ஓடிவந்தான். சட்டைப் பொத்தான்களை ஒன்று தள்ளிப் போட்டிருந்தான்.

"ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்ணே. போன்ல தேடிப் பார்த்தேன். என்ஜினையே பிரிக்கணும், இல்ல?"

மெக்கானிக் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள், பெரிதாக ஒன்றும் இருக்காதே என்று. இவன் பெரிய வியாதியின் பெயரை வாயிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

பின்சீட்டில் அவன் மனைவி இருந்தாள். பக்கத்தில் பிதுங்கப் பிதுங்க இரண்டு பைகள். மடியில் இருந்த பெண் குழந்தைக்குத் தலை சீவி, ரப்பர் போட்டு, மனசுக்குப் பிடிக்காமல் அவிழ்த்து, மறுபடியும் சீவிக்கொண்டிருந்தாள்.

ஊருக்குக் கிளம்பியிருக்கிறார்கள் என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார்.

சைலன்சருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து புகையில் உள்ளங்கையைக் காட்டினார். கை நனைந்தது. மோந்து பார்த்தார். கேஸ்கெட் போய், என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே புகுந்து எரிந்தால் ஒரு தித்திப்பு வாடை அடிக்கும். இதில் அது இல்லை.

தனக்கு அந்த வாடை அடிக்கிறது என்றான் அவன். ஜலதோஷமா என்று கேட்டார் மெக்கானிக்.

என்ஜினை அணைத்துவிட்டு பானெட்டைத் திறந்தார். ஆயில் மூடியைக் கழற்றி உள்பக்கம் விரலால் தடவினார். தண்ணீர் கலந்திருந்தால் ஆயில் பால் விட்டதுபோல வெளுத்திருக்கும். இது நல்ல தேன் நிறத்தில் இருந்தது. கூலன்ட் டப்பாவில் அளவு கோட்டைவிட்டு இறங்கவில்லை. ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டுத் திறந்து, என்ஜினை ஓடவிட்டுக் குனிந்து பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை.

வண்டியை எடுத்து எத்தனை நாளாயிற்று என்று விசாரித்தார். மழை தொடங்கியதிலிருந்து எடுக்கவில்லை என்றான் அவன்.

அவ்வளவுதான் சங்கதி. மூடியைப் போட்டுவிட்டு மெக்கானிக் வண்டியில் ஏறி, என்ஜின் சூடாகும்வரை ஆக்சிலரேட்டரை மிதித்துப் பிடித்தார். சைலன்சர் இருமி இருமிப் பழுப்புத் தண்ணீரைத் துப்பியது. புகை மெலிந்தது, நூலானது, பிறகு இல்லாமலே போயிற்று.

சைலன்சரில் தண்ணீர் தங்கியிருந்தது, இனி எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம் என்று சொன்னார்.

அவன் முகத்தில் இருந்த கொஞ்ச ரத்தமும் வடிந்தது.

சரியாகப் பார்க்கச் சொன்னான். என்ஜினைப் பிரித்தே பார்த்துவிடுங்கள் என்றான். வண்டியை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறேன், ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள் என்றான்.

மாமியார் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் வண்டியைச் சாக்கு சொல்கிற மருமகன்களை மெக்கானிக் நிறையப் பார்த்திருக்கிறார். நல்லா இருக்கிற வயிற்றை எந்த டாக்டராவது கிழிப்பாரா சார் என்று சிரித்தார்.

அப்போது அவனுடைய போன் அடித்தது.

திரையில் வந்த பெயரைப் பார்த்தான். எடுக்காமலே போனை மெக்கானிக்கின் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"ஆபீஸ்ல இருந்து. வண்டி ஓடாதுன்னு சொல்லுங்கண்ணே. இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும்."

சொல்லிவிட்டு ஸ்பீக்கரில் போட்டான். மறுமுனையில் பேசியது எந்த அதிகாரியும் இல்லை. ஓர் இளம்பெண்ணின் குரல். ஆபீஸ் மேடத்தின் போனை வாங்கிப் பேசுகிறேன் என்றது. வழியில் வண்டி புகைகிறது என்று தகவல் வந்ததாம். பேசுவது யார் என்று கேட்டது. போனைக் கையில் வாங்கி, மெக்கானிக் என்றார் இவர்.

"பாப்பாவைப் பெத்தவ பேசுறேண்ணா."

மெக்கானிக்குக்குச் சட்டென்று ஒன்றும் பிடிபடவில்லை. அவளே சொன்னாள். பிள்ளை பெற்ற கையோடு படுக்கையில் விழுந்தவள் அவள். சொந்தம் என்று யாரும் இல்லை. அவள் எழுந்து நடமாடும்வரை வளர்க்கச் சொல்லி, குழந்தைகள் நல ஆபீஸில் குழந்தையை இவர்களிடம் கொடுத்திருந்தார்கள். இப்போது உடம்பு தேறிவிட்டது. இன்று குழந்தையைத் திருப்பிக் கொடுக்கிற நாள். ஆபீஸ் திறக்கும் முன்பே வந்து வாசலில் நிற்கிறாள்.

"பாப்பா இப்ப நடக்குறாளாமே? அவங்களை மெதுவாவே வரச் சொல்லுங்கண்ணா. வண்டியில வந்தா அவளுக்கு வாந்தி வருமான்னுகூட எனக்குத் தெரியாது."

பின்சீட்டில் சீப்பு நின்றுவிட்டது.

அவன் மெக்கானிக்கைப் பார்த்துக் கும்பிட்டான். வாய் திறக்காமல், நெஞ்சோடு சேர்த்துக் கும்பிட்டான்.

மெக்கானிக் அந்தக் கைகளைப் பார்க்க முடியாமல் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கும்மா," என்றார். "கிளம்பிட்டாங்க."

போனை அணைத்துத் திருப்பி நீட்டினார். அவன் அதை வாங்காமல், வாசலில் கிடந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்துவிட்டான். திட்டுவான் என்று மெக்கானிக் எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் பட்டறையின் ஷட்டரை இழுத்து இறக்கினார். கையைத் துடைத்துக்கொண்டு ஓட்டுகிற சீட்டில் தானே ஏறினார். பைகளை முன்சீட்டுக்கு மாற்றிப் பின்னால் இடம் பண்ணினார். அவனைக் குழந்தையின் பக்கத்தில் போய் உட்காரச் சொன்னார்.

அவன் வந்து உட்கார்ந்தான். குழந்தை அவன் மடிக்குத் தாவிக்கொண்டது.

எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்க மெக்கானிக்குக்கு வாய் வரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தார்.

கடைசியில் பின்னாலிருந்து அவன் மனைவிதான் சொன்னாள்.

"இடது பக்கம் போங்கண்ணே. அந்தப் பொண்ணு காலையிலிருந்து நின்னுட்டிருக்கா."