மகத்தான உழைப்பு

1979-இல் டில்லி பல்கலைக்கழகத்தில் நவீன சீன வரலாறு படிக்கச் சேர்ந்த மூன்றே மாதத்தில், யாரும் கேட்காமலே நாங்கள் குடியிருந்த கிட்வாய் நகர் முழுவதற்கும் நான் சீனாவை விளக்கிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் வகுப்புத் தோழி வள்ளியோடு கன்னாட் பிளேஸில் ஒரு சீனரின் செருப்புக் கடைக்குப் போனேன். வார் அறுந்தது ஒரு சாக்கு. அவள் எதிரில் என் புலமையைக் காட்ட வேண்டும்.

வயதான கடைக்காரர் செருப்பை வாங்கிக்கொண்டு, "நாம்?" என்று ஹிந்தியில் பெயர் கேட்டார்.

"வேணு."

ஒரு சீட்டில் கிறுக்கி வாரில் கட்டினார். இரண்டே எழுத்து.

"பாத்தியா வள்ளி, என் பேரைச் சீனத்துல எழுதறார். வெய், நூ. வெய்ன்னா மகத்தான. நூன்னா உழைப்பு."

"அச்சா! ஆனா இவ்வளவு சுழி இருக்கே?"

"அவசரத்துல எழுதினா சுழி விழும். இது சீனாவுல எழுத்தைச் சுருக்கறதுக்கு முன்னாடி இருந்த பழைய முறை. சார் சொன்னப்ப நீ தூங்கிட்டிருந்தே."

வள்ளி உதட்டைக் கடித்துக்கொண்டாள். மெய்மறந்து கேட்கிறாள் என்று நினைத்தேன்.

கடைக்காரர் நிமிர்ந்தார்.

"தம்பி, எனக்குச் சீனம் எழுத வராது. பொறந்து வளர்ந்ததெல்லாம் மெட்ராஸ். நீங்க தமிழ் பேசிக்கிட்டே உள்ள வந்தீங்களேன்னு தமிழ்லதான் எழுதினேன், வேணுன்னு."

மோதி பாக் தமிழ்ப் பள்ளியில் படித்த வள்ளி அதற்கு மேல் சிரிப்பை அடக்கவில்லை. டில்லியில் பிறந்த எனக்குத் தமிழ்ப் பத்திரிகையில் அட்டைப்படம் மட்டும்தான் புரியும்.

கடைக்காரர் என்னைப் பரிவோடு பார்த்தார்.

"ஆமா, தம்பிக்கு எந்த நாடு?"