படியைப் பார்த்த மின்விசிறி

“அந்த ஃபேனைப் போடாதே, சுவிட்சுலேருந்து கையை எடு” என்றார் அத்தான்.

பஸ்ஸைவிட்டு இறங்கி வந்த மச்சினிச்சி தோள்பையைக்கூட இன்னும் கழற்றவில்லை. அதற்குள் இந்த வரவேற்பு. சமையலறையில் பிளம்ஸ் பழமும் சர்க்கரையும் கொதித்து, ஆவி கண்ணை மறைத்தது. அதை வெளியே தள்ளுகிற ஃபேனைப் போட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று அவளுக்குப் புரியவில்லை. அக்காவின் பூப்போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, காதுமடலில் மாவோடு அத்தான் நின்ற கோலம் அதைவிடப் புரியவில்லை. மனிதர் லிஃப்ட் மெக்கானிக். வெந்நீர் வைக்கச் சொன்னால் பாத்திரத்தைத் தீய்த்து வைக்கிற ஆள்.

“காப்ளர் பண்றேன்” என்றார், பரீட்சையில் முதல் வகுப்பு வாங்கியவர் மாதிரி. “ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மூணு பேருக்கும் இதுதான்.”

காப்ளர் அக்காவின் கைவரிசை. கொதித்த பழத்தைத் தட்டில் ஊற்றி, மேலே வெண்ணெய் மாவைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டு ஓவனில் வைத்தால், மேலே மொறுமொறுப்பும் அடியில் பாகுமாக வரும். வாசல் அறையில் அவள் நடத்திய கேக் கடைக்கு அதற்காகவே ஆட்கள் தேடி வருவார்கள். அதெல்லாம் பழைய கதை. காய்ச்சலில் விழுந்து எழுந்த கையோடு பெரிய ஆர்டர் ஒன்றை எடுத்து, அத்தனை கேக்கையும் கருக்கிவிட்டாள். அன்று கடையைப் பூட்டியவள்தான். அப்புறம் சமையலறைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை.

அத்தான்தான் வாய்க்கு வந்தபடி ஏதோ சொல்லியிருக்கிறார் என்று பிறந்த வீட்டில் முடிவுகட்டிவிட்டார்கள். அவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டு, அக்காவை எப்படியாவது மறுபடி அடுப்படிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்றுதான் தங்கை லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

முதல் கேள்வியை அங்கேயே கேட்டாள். “அவளை என்ன சொன்னீங்க அத்தான்?”

“நான் ஒண்ணும் சொல்லலை. யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு அவதான் என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா. இன்னைக்கு ஒரு நாள் எதுவும் கேட்காம என்கூட நில்லு.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “காலையில என்ன நடந்துச்சு தெரியுமா? என் கிரீஸ் சட்டையை ரெண்டு விரலால தூக்கிட்டுப் போய் வாளியில போட்டா.”

சொல்லும்போது அவருக்கு முகமெல்லாம் பல். பெண்டாட்டி சட்டையைத் தூக்கி எறிந்ததற்கு இப்படிப் பூரித்துப்போகிற புருஷனைத் தங்கை இப்போதுதான் பார்க்கிறாள். ஆனாலும் அந்த உற்சாகம் அவளையும் தொற்றிக்கொண்டது. கோபத்தை ஒத்திவைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். நட்டு முறுக்குகிற வேகத்தில் மாவைப் பிசைந்துகொண்டிருந்தவரை நகர்த்திவிட்டு, இதைப் பிசையவே கூடாது, உதிர்க்கத்தான் வேண்டும் என்று செய்து காட்டினாள். அவரோ பட்டைத்தூளை அள்ளி அள்ளிப் போட்டார். போதும் என்றால் இன்னும் ஒரு கரண்டி.

தட்டு ஓவனுக்குள் போனதும் ஓடிப்போய் டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து, அடுப்படி வாசலில் மாடிப்படியைப் பார்க்க வைத்தார். மாடிப்படிக்கு வியர்க்கிறதா என்று அவள் கேட்டாள். மேலே போய் அக்காவோடு சும்மா பேசிவிட்டு வரச் சொன்னார். கீழே என்ன நடக்கிறது என்று மட்டும் வாயைத் திறக்கக் கூடாதாம்.

மாடியிலோ வாசனை ஆளைத் தூக்கியது. ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா, தங்கையைப் பார்த்ததும் கட்டிக்கொண்டாள். வீட்டில் எல்லாரையும் விசாரித்தாள். அப்புறம், “கீழ என்னடி உருட்டிக்கிட்டிருக்கார் உங்க அத்தான்?” என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டாள்.

தங்கைக்குச் சுருக்கென்றது. பாவம், ஒரு மனிதர் காதில் மாவோடு தவம் கிடக்கிறார். இவளுக்கு இத்தனை வீம்பு ஆகாது என்று நினைத்துக்கொண்டே இறங்கி வந்தாள்.

விஷயத்தைச் சொன்னதும் அத்தானின் முகம் தொங்கிப்போயிற்று. வேறு ஒன்றுமே சொல்லவில்லையா, நன்றாக யோசித்துப் பார் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அப்போது ஓவனுக்குள் சுர்ரென்று சத்தம் கேட்டது. பாகு பொங்கி வழிந்து அடியில் சொட்டிக்கொண்டிருந்தது. வழிவதைப் பிடிக்கக் கீழே இன்னொரு தட்டு வைக்க வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. கரும்புகை கிளம்பியது. டேபிள் ஃபேன் அவ்வளவையும் வாரி மாடிக்கு அனுப்பியது.

போச்சு, எல்லாம் போச்சு என்று தங்கை கைத்துணியைத் தேடினாள்.

மாடியிலிருந்து குரல் வந்தது. “ஏங்க, பாகு வழிஞ்சு கருகுது பாருங்க. அடியில தட்டு வைக்கலையா? இவ்வளவு பட்டையை யாரு கொட்டினது?”

தடதடவென்று படியிறங்கி வந்த அக்கா, இருவரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தாள். ஓவனை அணைத்தாள், தட்டை வெளியே இழுத்தாள், அதன்மேல் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அத்தான் தரையில் உட்கார்ந்து சிரிக்கவும் அழவுமாக இருந்தார்.

“கருக்கி வெச்சுட்டுச் சிரிக்கிறீங்களே அத்தான்?” என்றாள் தங்கை.

“கருகினது அவளுக்குத் தெரிஞ்சிடுச்சே” என்றார் அவர், ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “பூவுக்கும் சாக்கடைக்கும் வித்தியாசம் தெரியாம இத்தனை மாசம் தவிச்சவம்மா அவ, அந்தக் காய்ச்சலோட போன மூக்கு இன்னைக்குத்தான் வீடு திரும்பியிருக்கு.”