போகாத பூஜ்யம்

மீட்டரில் பூஜ்யம் விழுந்தது. ஓர் அணு கனமே உள்ள இரண்டு குறைக்கடத்திப் படலங்களை ஒட்டிச் செய்த துணுக்கில், மின்சாரம் தடையே இல்லாமல் ஓடுகிறது என்று அர்த்தம்.

“ஸ்வீட் சொல்லியாச்சு. டைரக்டர் வந்துட்டே இருக்கார்,” என்றார் பேராசிரியர் அருளப்பன்.

அவருடைய ஆய்வு மாணவி சுகிர்தா மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. துணுக்கை உறைய வைத்திருக்கும் குளிர்கலத்துக்குள் மெல்லிய கம்பி ஒன்று விட்டுப்போயிருந்தாலும் இதே பூஜ்யம் வரலாம்.

“காந்தப்புலத்தைக் கூட்டிப் பாத்துடறேன் சார். நிஜ சூப்பர்கண்டக்டர்னா புலம் ஏற ஏற தடை திரும்பி வரணும். கம்பி விட்டிருந்தா பூஜ்யம் அப்படியே நிக்கும்.”

“இத்தனை நாள் பூஜ்யம் வரலைன்னு அழுதே. இப்ப போகலைன்னு அழப்போறியா?”

காந்தத்தின் குமிழைத் திருப்பினாள். பூஜ்யம் அசையவில்லை. இன்னும் திருப்பினாள். வராந்தாவில் டைரக்டரின் சிரிப்பு நெருங்கியது.

“போயிடு,” என்று மீட்டரிடம் கெஞ்சினாள்.

குமிழில் கால் சுற்றுதான் பாக்கி இருந்தது.