திருமஞ்சனக் குடமும் ஒரு படி நெல்லும்

குளக்கரைப் பிள்ளையாருக்கு அன்றாடம் குளத்து நீரால் திருமஞ்சனம் செய்துவந்தது ஒரு பெருச்சாளி. அக்கரையில் வளை தோண்டி வாழ்ந்த எலிகள், தங்கள் கழிவு குளத்தில் கலவாதிருக்கப் புதைவாய்க்கால் ஒன்று வெட்டத் துணிந்தன. இணைப்புப் பெறும் வளை ஒவ்வொன்றும் ஒரு படி நெல் தரவேண்டும் என்பது ஏற்பாடு. அதைத் தண்டும் பொறுப்பைக் குளத்து ஆமை ஏற்றது.

"வாகன குலத்தவரே, தங்கள் வளை ஒன்றுதான் பாக்கி."

"நேற்றுத்தான் ஐயனுக்கு மூட்டை அரிசியில் மோதகம் படைத்தேன், ஆமையாரே. சாக்கடைக்கும் காணிக்கை கேட்கிறீரே, நாக் கூசவில்லையா?"

பெருச்சாளியின் வளை நீங்கலாக மற்றவை வாய்க்காலில் இணைந்தன.

கோடையில் குளம் பாதிக்கு மேல் வற்றியது. ஒரு வைகறையில் பெருச்சாளி குடத்தைச் சாய்த்தபோது, ஐயனின் திருமேனியில் கறுத்த நீர் வழிந்து நாறியது.

"சிவசிவ! எந்தப் பாவியின் வேலை இது?"

ஆமை அதனைப் படித்துறையின் கீழே அழைத்துச் சென்று காட்டியது. ஒரே ஒரு துளையிலிருந்து கழிவு குளத்தில் கசிந்துகொண்டிருந்தது. அது பெருச்சாளியின் வளைப் புறக்கடை.

குடம் நழுவி உருண்டது. பெருச்சாளி கன்னத்தில் அறைந்துகொண்டு கதறியது. "ஐயோ! எம்பெருமானை என் மலத்திலா நீராட்டினேன்!"

ஆமையின் நெஞ்சு இளகியது. "அழாதீர். ஒரு படி நெல் தாரும், இன்றே இணைத்துவிடலாம்."

பெருச்சாளி கண்களைத் துடைத்துக்கொண்டு குடத்தை எடுத்தது.

"எதற்கு வீண் செலவு? நாளை முதல் அடுத்த ஊர்க் குளத்தில் நீர் மொண்டு வருகிறேன்."

இந்தக் குளத்திலேயே குடியிருந்த ஆமை, அந்தக் கறுத்த நீருக்குள் மீண்டும் இறங்கியது.